ஓடினால் அல்ல, நின்றால் கெடும்: அரிசோனா வெயிலில் மோட்டார்ஹோமை ஆறு மாதம் பூட்டி வைப்பது எப்படி?

ஏப்ரல் பாதி தாண்டிவிட்டால், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள குவார்ட்ஸைட் என்ற சிற்றூர் காலியாகத் தொடங்கிவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 2,400 பேர்தான். ஆனால் ஜனவரியில் போய்ப் பார்த்தால் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் முழுக்க வண்டிகளாக நிற்கும். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம்கள். ஊருக்குத் தெற்கே நீண்ட நாள் தங்குபவர்களுக்காக மத்திய அரசு ஒதுக்கியிருக்கும் இடத்தின் சீசனே செப்டம்பர் 15-ல் தொடங்கி ஏப்ரல் 15-ல் முடிகிறது.

இப்படி வருபவர்களை அங்கே 'ஸ்னோபேர்ட்ஸ்' என்கிறார்கள். கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் பனிக்குத் தப்பித்துத் தெற்கே வரும் பறவைகள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். வெயில் ஏறும்போது ஊர் திரும்பியாக வேண்டும். கனடாக்காரர்களுக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு: சுற்றுலாவாக வந்தவர்கள் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் அமெரிக்காவில் தங்க முடியாது. ஒன்டாரியோ மாகாணத்து ஆளாக இருந்தால், அரசு மருத்துவக் காப்பீடு தொடர 12 மாதத்தில் 153 நாளாவது சொந்த மாகாணத்தில் இருக்க வேண்டும்.

ஆட்கள் திரும்பிவிடுகிறார்கள். வண்டி?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கால்கரியிலிருந்து பீனிக்ஸ் சுமார் 2,400 கிலோமீட்டர். பெரிய பெட்ரோல் மோட்டார்ஹோம் லிட்டருக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். ஒரு வழிக்கே 600 முதல் 800 லிட்டர் பெட்ரோல். அதனால் நிறையப் பேர் வண்டியை அங்கேயே ஒரு வாடகை இடத்தில் பூட்டிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அக்டோபரில் திரும்பி வரும்வரை வண்டியைத் தொட ஆள் கிடையாது. சிலருக்கு அந்த வண்டிதான் வீட்டுக்கு அடுத்தபடியாகக் கையில் இருக்கும் பெரிய சொத்து.

குளிருக்குத் தெரிந்த வழி, வெயிலுக்குத் தெரியாது

வட நாட்டு மோட்டார்ஹோம்காரர்களுக்குக் குளிர்காலத்துக்கு வண்டியைத் தயார் செய்வது மனப்பாடம். குழாயில் தண்ணீர் உறைந்தால் விரிந்து வெடிக்கும், எனவே தண்ணீரை வெளியேற்று, உறையாத் திரவத்தை ஊற்று, முடிந்தது. எதிரி ஒருவன்தான்.

வெயிலில் எதிரி ஒருவன் இல்லை. சூடு, புற ஊதாக் கதிர், வறட்சி, தூசு, நடுவில் திடீரென்று கொட்டும் மழை, எலி என்று வரிசையாக வரும். எதுவும் ஒரே ராத்திரியில் வெடிக்காது. ஆறு மாதமும் மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் பலரும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

அங்கே வெயில் என்றால் எவ்வளவு? 2023-ல் பீனிக்ஸ் நகரில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 2024-ல் தொடர்ந்து 113 நாள் சுமார் 38 டிகிரி அல்லது அதற்கு மேல். இது நிழலில் வைத்த கருவி காட்டும் வெப்பம். கண்ணாடி மூடிய வண்டிக்குள் வெளியே இருப்பதைவிட 20 டிகிரி கூடுதலாக ஏறுவது சாதாரணம். அப்படியென்றால் உள்ளே 60-ஐத் தாண்டும், தினமும்.

எனவே முதல் வேலை, சூட்டில் வைக்கக் கூடாததை எல்லாம் இறக்குவது. ஸ்ப்ரே கேன்களில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சடித்தே இருக்கும். கொசு ஸ்ப்ரே, ஷேவிங் ஃபோம், பெயின்ட் என்று ஒன்று விடாமல் வெளியே வர வேண்டும். மாத்திரைகள், மெழுகுவர்த்தி, பழைய லேப்டாப், பவர் பேங்க் ஆகியவையும் அப்படியே. சாப்பாட்டுப் பொருளில் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட மிச்சம் வைக்கக் கூடாது. அது சூட்டுக்காக இல்லை, எலிக்காக. அந்தக் கதை பிறகு.

டயர்: தேயாமலே சாகும்

மோட்டார்ஹோம் டயரைப் பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். வருஷத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தானே ஓடுகிறது! ஆனால் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் முடி போன்ற விரிசல்கள் தெரியும்.

காரணம் ரப்பரின் உள்ளேயே இருக்கிறது. ஓசோன் அரிக்காமல் இருப்பதற்காகத் தயாரிக்கும்போதே டயரில் ஒருவகை மெழுகையும் சில ரசாயனங்களையும் கலக்கிறார்கள். டயர் ஓடும்போது, மடிந்து நிமிரும்போது, அந்த மெழுகு மேலே வந்து மெல்லிய படலமாகப் பரவும். நின்றுகொண்டே இருந்தால் அது வராது. மேலே புற ஊதாக் கதிர், கீழே கொதிக்கும் தரை, நடுவில் காப்பு இல்லாத ரப்பர்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. டயரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளை நிற உறை போட வேண்டும். பளபளப்புக்காகப் பூசும் பெட்ரோலியக் கலவைகளைத் தவிர்க்க வேண்டும், அவை காப்பு ரசாயனத்தையே கரைத்துவிடும். காற்றை அதிகாலையில், டயர் ஆறியிருக்கும்போது சரியான அளவுக்கு நிரப்ப வேண்டும். தாரிலோ வெறும் மண்ணிலோ நிறுத்தாமல், டயரின் முழு அகலமும் உட்காரும்படி பலகை வைத்து ஏற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் இழுத்து வைத்துவிட்டுப் போனால் மாதக்கணக்கில் பிரேக் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பதில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நல்லது.

கிளம்பும் முன் டயர் வயதையும் பார்த்துவிடலாம். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஐந்து முதல் ஏழு வருஷத்தில் மாற்றிவிடுவது மோட்டார்ஹோம்காரர்களின் வழக்கம். நெடுஞ்சாலையில் முன்சக்கரம் வெடித்தால் பத்து டன் வண்டியை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

பேட்டரி: சுவிட்ச் எல்லாம் ஆஃப்தானே?

'எல்லா விளக்கையும் அணைச்சாச்சு, அப்புறம் எப்படி பேட்டரி போச்சு?' அக்டோபரில் மெக்கானிக்குகள் அதிகம் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

விளக்கை அணைத்தாலும் சில கருவிகள் விழித்தே இருக்கும். சமையல் வாயு கசிந்தால் கத்தும் அலாரம், ரேடியோவின் நினைவகம், படிக்கட்டு மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பலகை இப்படி. எல்லாம் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறே வாரத்தில் காலி. ஏப்ரலில் பூட்டினால் மே கடைசியில் செத்துவிடும். நிஜ வெயில் அப்போதுதான் ஆரம்பிக்கும்.

இதோடு பேட்டரி தானாகவே சார்ஜ் இழப்பது வேறு. சாதாரண ஈய-அமில பேட்டரியில் வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய சக்தி வராது.

அப்படியென்றால் மின் இணைப்பில் சொருகிவிட்டே போய்விடலாமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய மாடல் சார்ஜர்கள் பேட்டரி நிறைந்த பிறகும் விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லக் குறைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆள் இல்லை. தகடு வெளியே தெரிந்தால் பேட்டரி கதை முடிந்தது. நிலைக்கேற்ப மின்னழுத்தத்தைத் தானே குறைக்கும் புதிய வகை சார்ஜர் இருந்தால் மட்டுமே சொருகி வைப்பது பாதுகாப்பு.

கூரையில் சிறிய சோலார் பேனல் இருந்தால் போதுமே என்று தோன்றும். சரிதான். ஆனால் டயருக்கும் கூரைக்கும் நல்லது செய்யும் நிழல்கொட்டகை பேனலுக்கு ஆகாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். செலவு செய்ய முடியுமென்றால் கொட்டகையைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றி (ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும்), தண்ணீர் அளவு பார்த்து, நெகட்டிவ் வயரையே கழற்றி வைத்துவிட்டால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். பேட்டரி போனால் பேட்டரி மட்டும்தான் செலவு. கூரை போனால் வண்டியே போச்சு.

லித்தியம் பேட்டரிக்கு விதி தலைகீழ். நிறைத்து வைப்பதைவிடப் பாதி அளவில், இணைப்பைத் துண்டித்து வைப்பதுதான் அதன் ஆயுளுக்கு நல்லது.

பக்கெட் தண்ணீர் தகராறு

அரிசோனாவில் வண்டியைப் பூட்டும் முன் உள்ளே இரண்டு மூன்று பக்கெட் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் பலருக்கு உண்டு. கேட்டால், 'மரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க' என்பார்கள்.

காரணம் நிஜம்தான். ஜூன் மாதத்துப் பிற்பகலில் அங்கே காற்றின் ஈரப்பதம் 10 சதவீதம் வரை இறங்கிவிடும். மர அலமாரி சுருங்கும், ஒட்டுப்பலகை பிரியும், ரப்பர் பட்டைகள் விறைக்கும். ஆனால் பக்கெட் உதவுமா?

50 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 80 கிராம் நீராவியைத் தாங்கும். வண்டிக்குள் 40 கன மீட்டர் காற்று என்றால் முழுக்க நிறைய மூன்றேகால் லிட்டர் தண்ணீர் போதும். அதாவது காற்றே புகாத பெட்டியாக இருந்தால் ஒரு பக்கெட்டே அதிகம். மோட்டார்ஹோம் அப்படிப்பட்ட பெட்டி இல்லை. தரையிலும் கதவிலும் ஓட்டை உண்டு. அதற்கு மேல், சூடு வெளியேறட்டும் என்று கூரைத் துவாரத்தையும் கொஞ்சம் திறந்து வைத்திருப்பார்கள். அந்த வழியே ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். துவாரத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கெட்டும் வைப்பது, ஜன்னலைத் திறந்துகொண்டு ஏசி போடுவது மாதிரி.

மாதம் ஒருமுறை வந்து நிரப்ப யாராவது இருந்தால் பக்கெட் வைப்பதில் தவறில்லை. இல்லாவிட்டால் ஜூன் முடிவதற்குள் காலிப் பக்கெட்தான் மிஞ்சும். அதைவிட, ஜன்னல்களை உள்ளிருந்து வெள்ளி நிறத் தகடு போட்டு அடைத்து, மூடி போட்ட கூரைத் துவாரத்தை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பது அதிகப் பலன் தரும். ஃபிரிட்ஜை அணைத்து, துடைத்து, கதவு மூடாதபடி இடையில் ஒரு துண்டை வைத்துவிட்டால் பூஞ்சையும் நாற்றமும் வராது.

இதே வண்டி ஃபுளோரிடாவில் நின்றால் எல்லாம் மாறிவிடும். அங்கே காற்றே ஈரம். பக்கெட்டில் தண்ணீர் வைப்பவர் பூஞ்சையை வளர்க்கிறார் என்று அர்த்தம். அங்கே வைக்க வேண்டியது ஈரம் உறிஞ்சும் பொருள்.

தண்ணீர் போகும் வழி

குடிநீர்த் தொட்டி, வாட்டர் ஹீட்டர் இரண்டையும் முழுக்க வடித்துவிட வேண்டும். கழிவுத் தொட்டியையும் காலி செய்து இரண்டு மூன்று தடவை அலசி விட வேண்டும். மிச்சம் இருப்பது அந்தச் சூட்டில் காய்ந்து சிமென்ட் மாதிரி ஆகிவிடும்.

பலர் மறப்பது, சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் குழாய். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் கழிவுத் தொட்டியின் நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது. பாலைவனத்தில் அது சில வாரத்தில் ஆவியாகிவிடும். குளிர்காலத்தில் ஊற்றும் அதே உறையாத் திரவத்தை அங்கே ஒரு டம்ளர் ஊற்றிவிட்டால் நீண்ட நாள் நிற்கும், ஏனென்றால் அது தண்ணீரைவிட மெதுவாகத்தான் ஆவியாகும். வாகன இன்ஜினுக்கு ஊற்றும் கூலன்ட் இல்லை இது. அது விஷம்.

பாலைவனத்திலும் மழை வரும்

பீனிக்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 18 சென்டிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் சுமார் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை அங்கேயும் ஒரு பருவமழைக் காலம் உண்டு. அதற்கு முன்னால் சுவர் மாதிரி எழும் புழுதிப் புயலுக்குப் பெயர் ஹபூப். 2011 ஜூலை 5-ல் பீனிக்ஸை மூடிய புழுதிச் சுவர் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம் இருந்தது.

மோட்டார்ஹோமுக்கு இந்த வரிசைதான் ஆபத்து. முதலில் இரண்டு மாதம் வெயில் கூரையின் விளிம்பிலும், ஏசி, ஆன்டெனா, துவாரங்களைச் சுற்றியும் பூசிய சீலன்ட்டைக் காய்ச்சி விரிசல் விடும். அதன் பிறகு அரை மணி நேரத்தில் கொட்டும் மழை அந்த விரிசல் வழியே ஒட்டுப்பலகைக்குள் இறங்கும். கூரை உள்ளுக்குள் ஊறி உப்பிப் போவது வெளியே தெரியாது. அக்டோபரில் கூரை மேல் கால் வைக்கும்போது மெத்தை மாதிரி அமுங்கினால்தான் தெரியும்.

எனவே கிளம்பும் முன் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவிப் பார்த்து, விரிசல் உள்ள இடத்தில் புது சீலன்ட் வைக்க வேண்டும். வேறு எதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இதற்கு நேரம் ஒதுக்கலாம். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடுவது நல்ல யோசனை போலத் தெரியும். காற்றில் அது அடித்துக்கொண்டே இருந்து பெயின்ட்டைத் தேய்த்துவிடும்.

பெட்ரோல் டேங்கை நிரப்பி, எரிபொருள் கெடாமல் இருக்க ஊற்றும் திரவத்தைக் கலந்து, இன்ஜினையும் ஜெனரேட்டரையும் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். கலவை கார்புரேட்டர் வரை போய்ச் சேர வேண்டுமே. சமையல் வாயு சிலிண்டரின் மெயின் வால்வை மூட வேண்டும். அங்கே சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற விதியே வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் விடத்தான்.

எலியும், எலியைவிட மோசமானதும்

அரிசோனாவின் காட்டு எலிகள் 'பேக்ராட்' எனப்படுபவை. கண்ணில் பட்டதை எல்லாம் இழுத்து வந்து சேர்த்துக் கூடு கட்டும். இன்ஜின் மேலேயே முள் கள்ளித் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கும், வயரைக் கடித்துக் குதறியிருக்கும். டூசான் பக்கம் இருப்பவர்கள் ராத்திரியில் காரின் பானெட்டைத் திறந்தே வைப்பார்கள், இருட்டும் மறைப்பும் இல்லாவிட்டால் எலி கூடு கட்டாது என்ற நம்பிக்கையில். ஆறு மாதம் பூட்டும் வண்டிக்கு, அடியில் வயரும் குழாயும் நுழையும் ஓட்டைகளைக் கம்பி வலையால் அடைப்பதுதான் வழி. ஃபோம் அடைத்தால் கடித்துவிடும்.

வயர் செலவு. ஆனால் எலிப் புழுக்கை உயிர் பிரச்சினை. 1993-ல் அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் இளம் வயதினர் திடீரென்று மூச்சுத் திணறி இறந்தார்கள். காரணம், 'டீர் மவுஸ்' எனப்படும் சிறிய எலி பரப்பும் ஹன்டா வைரஸ். 2025 பிப்ரவரியில் நடிகர் ஜீன் ஹேக்மனின் மனைவி பெட்ஸி அரகாவா நியூ மெக்சிகோவில் இறந்ததும் இதே நோயால்தான். நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 38 சதவீதம் பேர் இறப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூசியாகப் பறந்து மூச்சில் போவதுதான் பரவும் வழி. ஆறு மாதம் கழித்துக் கதவைத் திறந்ததும் துடைப்பத்தை எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை. அதைத்தான் செய்யக் கூடாது. வேக்குவம் கிளீனரும் கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு 30 நிமிடம் வெளியே இருக்க வேண்டும். பிறகு கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கையின் மேல் நன்றாக நனைய ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பேட்டரி. பேட்டரியை இணைத்து, வாயு அலாரம் வேலை செய்வதை உறுதி செய்த பின்பே சிலிண்டரைத் திறக்க வேண்டும். ஹீட்டர், ஃபிரிட்ஜின் வெளித் துவாரங்களில் சிலந்தியும் குளவியும் கூடு கட்டியிருந்தால் பற்றவைக்கும் முன் நீக்கிவிட வேண்டும்.

நம்ம ஊர் கார்?

இதே ஏப்ரலில் சென்னையிலும் ஒரு கூட்டம் கிளம்புகிறது, எதிர்த் திசையில். மகள் பிரசவத்துக்கு, பேரனைப் பார்த்துக்கொள்ள என்று அமெரிக்கா போகும் அம்மா அப்பாக்கள். அவர்களுக்கும் பெரும்பாலும் ஆறு மாதம்தான் கணக்கு. அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் கார் அக்னி நட்சத்திரத்தையும் தாண்டி நிற்கும்.

மேலே சொன்னதில் டயர், பேட்டரி, ஹேண்ட்பிரேக், எலி நான்கும் அப்படியே பொருந்தும். பக்கெட் பொருந்தாது. சென்னைக் காற்று ஃபுளோரிடா கட்சி. சீட்டில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டுகளை வைக்கலாம். உடலோடு ஒட்டும் பிளாஸ்டிக் கவரைவிடக் காற்றுப் போகும் துணிக் கவர் நல்லது.

இன்னொன்று. 'தம்பி, வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுப்பா' என்று வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது பலரின் வழக்கம். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழப்பதை ஐந்து நிமிட ஓட்டம் திருப்பித் தராது. இன்ஜின் முழுக்கச் சூடாகாததால் சைலன்சருக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். லைசென்ஸ் உள்ள உறவினர் யாராவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தால் டயர், பிரேக், பேட்டரி மூன்றுக்கும் நல்லது. அப்படி ஆள் இல்லையென்றால், கார் கையேட்டைப் பார்த்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடலாம். கழற்றும் முன் காரைச் சாவியால் கையாலேயே பூட்டித் திறக்க முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாத கார் ரிமோட்டுக்குத் திறக்காது.